இணைவு முறையை விட்டால் என்ன ஆகும்? அண்டை நாடுகளில் நடந்தது குறித்து ஒரு கேள்வி

வைகைக்கரை:

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பித்து வருகிறேன். எங்கள் நிர்வாகம் தன்னாட்சிக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்திருக்கிறது. அதுபற்றிக் கூடிய ஆசிரியர் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துபோயிற்று. பாடத்திட்டத்தை நாமே வகுத்து, வினாத்தாளை நாமே குறித்து, முடிவுகளைக் காலத்தில் வெளியிட முடியும் என்பது ஒரு சாராரின் வாதம். பல்கலைக்கழகம் என்ற மேற்பார்வை விலகிவிட்டால் நிர்வாகமே தேர்வு, நிர்வாகமே மதிப்பெண், நிர்வாகமே கட்டணம் என்றாகி, ஐந்தாறு ஆண்டுகளில் எங்கள் பட்டத்துக்குச் சந்தையில் மரியாதை இருக்காது என்பது மற்றொரு சாராரின் அச்சம்.

இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. எங்கள் செய்முறைப் பாடத்தில் இன்றைக்கும் கனிம உப்புப் பகுப்பாய்வு இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரிக்கும் கிப் கருவியோ காற்றுப்போக்கு அலமாரியோ ஒழுங்காக இல்லாத ஆய்வகத்தில் மாணவர்கள் அந்தப் பகுதியை மனப்பாடமாகவே செய்து முடிக்கிறார்கள். இதை மாற்றவேண்டும் என்று இணைவு பெற்ற கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் நினைத்தால், பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு அடுத்து எப்போது கூடும் என்று காத்திருக்க வேண்டும். கூடினாலும், அதே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள மற்ற எல்லாக் கல்லூரிகளாலும் செய்ய இயலுமா என்ற கேள்விக்கு முன் அந்தக் கோரிக்கை நிற்காது.

2020 தேசியக் கல்விக் கொள்கை, இணைவு முறையைப் பதினைந்து ஆண்டுகளில், அதாவது 2035-க்குள், படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அரசு அக்கொள்கையை ஏற்கவில்லை என்றாலும், தன்னாட்சி பல்கலைக்கழக மானியக் குழுவின் வழியாக வருவதால் கல்லூரிகள் தாமாகவே அந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. நாட்டிலேயே தன்னாட்சிக் கல்லூரிகள் மிகுதியாக இருப்பது இங்கேதான்.

என் கேள்வி இதுதான். 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் நிறுவப்பட்ட ஏற்பாடு, ‘கல்லூரி கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் தரும்’ என்பது. டாக்கா, காத்மாண்டு, லாகூர், கொழும்பு ஆகிய எல்லா இடங்களுக்கும் ஏதோ ஒரு வகையில் வேர் இதுவே. அந்நாடுகள் இதை என்ன செய்தன? உண்மையிலேயே யாராவது கைவிட்டார்களா? கைவிட்ட இடத்தில் மதிப்பெண்ணுக்கும் பட்டத்துக்கும் மாணவருக்கும் என்ன ஆயிற்று? கொள்கை ஆவணங்களில் எழுதியிருப்பதை நானே படித்துக்கொள்வேன். நடந்தது தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பண்ணைப்பாலம்:

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இலங்கையைப் பற்றி எழுதுகிறேன்.

இணைவு முறையோடு எங்களுக்கும் பழைய உறவு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அந்தச் செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரி பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த காலமும் இருந்தது. கொழும்பில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே (அங்கே சேர்ந்து படிக்காதவர்கள் எழுதும் பரீட்சைகள்) மாணவரை ஆயத்தம் செய்தது. ஆனால் 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது, அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் இந்திய மாதிரியை எடுக்கவில்லை. கற்பிப்பவரே பரீட்சிக்கும், மாணவர் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும், ஒற்றைப் பல்கலைக்கழகம் என்பதே அவரது திட்டம். 1952-இல் பேராதனைக்குப் பெயர்ந்ததும் அந்தத் திட்டம் கல்லும் ஓடுமாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இதனால் கிடைத்த நன்மை பெரிது. நான் கற்பித்த பாடத்தின் வினாத்தாளை நானே குறித்தேன். மட்டுப்படுத்துநர் (வினாத்தாளைச் சரிபார்ப்பவர்) ஒருவர் அதைப் பார்த்தார். விடைத்தாளை நான் திருத்திய பின் இரண்டாம் பரீட்சகர் திருத்தினார். இருவருக்கும் இடையில் வேறுபாடு அதிகமானால் மூன்றாமவரிடம் போனது. பாடத்தை மாற்ற விரும்பினால் திணைக்களம் (துறை), பீடச்சபை, மூதவை (செனட்) என்ற வரிசையில் அந்த ஆண்டே மாற்ற முடிந்தது. உங்கள் உப்புப் பகுப்பாய்வுச் சிக்கல் எங்களுக்கு ஏற்படவே முடியாது.

இதற்கு நாங்கள் கொடுத்த விலையைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பல்கலைக்கழகத்துக்கு விடுதி வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், முழுநேர ஆசிரியர் வேண்டும். எல்லாம் அரச பணம். ஆகவே இடங்கள் எப்போதும் குறைவாகவே இருந்தன. இன்றும் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே உள்வாரி அனுமதி கிடைக்கிறது. மிச்சப்பேரை ஏற்றுக்கொள்ள உங்கள் ஊரில் இருப்பதுபோல ஊருக்கு ஒரு கல்லூரி எங்களிடம் இல்லை. இடம் இப்படி அருந்தலாக இருந்ததாலேயே, யாருக்குக் கொடுப்பது என்பது நாட்டையே பிளக்கும் அரசியலாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும் (மொழிமூலத்தைப் பொறுத்து அனுமதிப் புள்ளிகளை மாற்றிய முறை) அதைத் தொடர்ந்த மாவட்டக் கோட்டாவும் தமிழ் இளைஞரிடையே ஏற்படுத்திய காயத்தை இங்கே விரிக்கத் தேவையில்லை. இப்போதைய ஏற்பாட்டில், பெரும்பாலான துறைகளில், 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இஸட் புள்ளியை (பாடங்களுக்கிடையே ஒப்பிடும்படி சீராக்கிய புள்ளி) கொண்டு பிரிக்கிறார்கள். தரப்படுத்தல் இனப்பாகுபாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இடங்கள் தாராளமாக இருந்திருந்தால் அந்த ஆயுதத்துக்கு இவ்வளவு கூர்மை வந்திராது என்பதும் என் எண்ணம்.

மற்றொன்று, பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கிப் பார்த்த சோதனை. 1972-இல் இருந்த எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகமாக்கி, பேராதனை, கொழும்பு, வித்தியோதயா, வித்தியாலங்கார, கட்டுபெத்தை என வளாகங்களாகப் பிரித்தார்கள். யாழ்ப்பாண வளாகமும் 1974-இல் அப்படித்தான் பிறந்தது. திருநெல்வேலிப் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களையும் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவையும் எடுத்துக்கொண்டே தொடங்கினார்கள். கொழும்பிலிருந்து எல்லாவற்றையும் ஆளும் அந்த ஏற்பாடு ஏழு ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் வளாகங்களை மறுபடி தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கி, மேலே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை வைத்தது.

இன்னும் சுவாரசியமானது, இணைவு முறையை நாங்களே தேடிப்போன கதை. 1990-களின் தொடக்கத்தில், அனுமதி நெருக்கடியைக் குறைக்க, மாகாணங்களில் ‘இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள்’ தொடங்கப்பட்டன. அங்கே பட்டம் கிடையாது, டிப்ளோமாவே உண்டு. மாணவர்களும் பெற்றோரும் அவற்றை இரண்டாந்தரமாகவே பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அவை மூடப்பட்டு, அந்த அத்திவாரத்திலேயே ரஜரட்ட, சப்ரகமுவ போன்ற முழுப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. வட மாகாணத்துக்கென 1991-இல் தொடங்கிய கல்லூரி 1997-இல் யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. அரசு ‘கல்லூரி’ என்று கொடுத்ததை மக்கள் ‘பல்கலைக்கழகம்’ ஆக்காமல் விடவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வெளிவாரிப் பட்டம் என்ற பெயரில் எங்கள் பல்கலைக்கழகங்கள் தாம் கற்பிக்காத பெருந்தொகை மாணவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்து வருகின்றன. அவர்களுக்குக் கற்பிப்பது யார்? பட்டினத்து ரியூசன் வகுப்புகள். உங்கள் இணைவு பெற்ற கல்லூரியிலாவது ஒரு நூலகமும் ஒரு வருகைப் பதிவேடும் இருக்கும்.

கட்டுத்தாள்:

தமிழகப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் நான். பண்ணைப்பாலம் ஐயா எழுதியதைப் படித்தபோது, நாம் இணைவு முறை என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பணம் இருக்கும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஒரு பருவத்தேர்வு முடிந்தவுடன் நடப்பதைச் சொல்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து விடைத்தாள் கட்டுகள் வந்து சேரும். பதிவெண் இருக்கும் பகுதி கிழிக்கப்பட்டுப் போலி எண் இடப்படும். திருத்தும் முகாமுக்கு ஆசிரியர்களை அனுப்பச் சொல்லி முதல்வர்களுக்குக் கடிதம் போகும். பாதிப் பேர் வருவார்கள். மீதிப் பாதியை நிரப்பக் கௌரவ விரிவுரையாளர்களையும் சுயநிதிப் பிரிவு (அரசு சம்பளம் இல்லாத, கட்டணத்தில் நடக்கும் பிரிவு) ஆசிரியர்களையும் அழைப்போம். காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு, தாளுக்கு இவ்வளவு என்று உழைப்பூதியம். தான் கற்பிக்காத மாணவனின், தான் குறிக்காத வினாவுக்கான விடையை, தான் எழுதாத விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் சில நிமிடங்களில் மதிப்பிடுகிறார். இதைத்தான் ‘பல்கலைக்கழகத் தரம்’ என்று நம் ஆசிரியர்களில் ஒரு சாரார் காக்க நினைக்கிறார்கள். இதில் ஒரு நேர்மை உண்டு, மறுக்கவில்லை: திருத்துபவருக்கு மாணவனின் சாதி தெரியாது, ஊர் தெரியாது, எந்தக் கல்லூரி என்பதும் தெரியாது. அந்தக் குருட்டுத்தனத்தை நான் சிறிதாக எண்ண மாட்டேன். ஆனால் கற்பித்தலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த எந்திரம் ஓடுவது தரத்துக்காக மட்டும் அன்று. தேர்வுக் கட்டணம், இணைவுக் கட்டணம், மறுமதிப்பீட்டுக் கட்டணம், அரியர் கட்டணம் ஆகியவை மாநிலப் பல்கலைக்கழகங்களின் வருமானத்தில் முக்கியமான பங்கு. அரசு மானியம் ஓய்வூதியச் சுமைக்கு ஈடுகொடுக்காத நிலையில், பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளில் நடக்கும் ஆராய்ச்சிக்கும் முதுநிலைப் படிப்புக்கும் இளங்கலை மாணவன் கட்டும் கட்டணமே கைகொடுக்கிறது. சொந்தச் செலவில் நன்றாக நடந்த கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தன்னாட்சி பெற்று வெளியேறும்போது அந்த வருமானமும் சேர்ந்தே குறைகிறது. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்கள் சமீப ஆண்டுகளில் சம்பளத்துக்கே திணறிய செய்திகள் அனைவரும் படித்தவை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

இலங்கை ஒன்றாக்கிப் பிரித்தது. நாம் பிரித்து ஒன்றாக்கினோம். அண்ணா பல்கலைக்கழகம் 2001-இல் மாநிலப் பொறியியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் இணைவு தரும் பல்கலைக்கழகமானது. சுமை தாங்காமல் 2007-இல் சென்னையோடு கோவை, திருச்சி, திருநெல்வேலி எனவும் பின்னர் மதுரை எனவும் தனித்தனித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் வந்தன. ஆட்சி மாறியது, 2012-இல் எல்லாம் மறுபடி ஒன்றே. இடையில் சேர்ந்த மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் விதிமுறையில் தொடங்கி மற்றொன்றின் பெயரில் அரியர் எழுதினார்கள். பிரித்ததற்கும் சேர்த்ததற்கும் கல்விக் காரணம் சொன்னார்கள். இரண்டு முறையும் கல்லூரி வகுப்பறைக்குள் எதுவும் மாறவில்லை.

வைகைக்கரை அவர்களின் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். தன்னாட்சி என்பது இணைவிலிருந்து விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். 1978-இல் அமெரிக்கன் கல்லூரி, லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை முதன்முதலில் தன்னாட்சி பெற்ற நாளிலிருந்து இன்றுவரை பட்டம் பல்கலைக்கழகத்தினுடையதே. சான்றிதழில் கல்லூரியின் பெயரும் சேர்ந்து வரும், அவ்வளவே. பாடத்திட்டக் குழுவில் துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர் இருப்பார். வெளி வல்லுநர்கள் இருப்பார்கள். தொழில்துறையிலிருந்து ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும். ஏட்டில் காவல் நன்றாகவே இருக்கிறது. நடைமுறையில், வெளி வல்லுநர் என்று அழைக்கப்படுபவர் பக்கத்துத் தன்னாட்சிக் கல்லூரியின் துறைத்தலைவராக இருப்பார். அவருடைய கல்லூரிக்கு வெளி வல்லுநர் நம் துறைத்தலைவர். ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் ‘ஆட்சேபம் இல்லை’ என்பதைத் தவிர வேறு குறிப்பு எழுதப்பட்டதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்குப் பல பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் பணியிடமே காலியாகிப் பொறுப்புக் குழு ஆட்சி நடக்கும்போது, ‘துணைவேந்தரின் நியமனர்’ என்ற காவலுக்கு எவ்வளவு பொருள் இருக்கும்?

மதிப்பெண் கூடுமா என்றால், கூடும். அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75 என்று இருக்கும்போதே அகமதிப்பீட்டில் 20-க்குக் கீழே போடும் துணிச்சல் சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்குக் கிடையாது. முழுத் தேர்வும் அதே வளாகத்துக்குள் வந்துவிட்டால் அந்த அழுத்தம் முழுத் தாளுக்கும் பரவும். உங்கள் கல்லூரியில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நிர்வாகத்தின் கையை எதிர்பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். தன்னாட்சி உங்களிடம் எப்படி நடக்கும் என்பதற்கு எந்தத் தரச்சான்றையும்விட அந்தக் கணக்கே நல்ல சாட்சி.

சிற்றாறு:

வளர்ச்சிப் பணி ஒன்றின் பொருட்டு டாக்காவில் சில ஆண்டுகள் இருந்தேன். கேட்கப்பட்ட கேள்விக்கு மிக நெருக்கமான விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் கல்லூரிகளின் எண்ணிக்கையால் மூச்சு முட்டியபோது, 1917-இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1919-இல் வந்த அதன் அறிக்கை, இணைவு முறைக்கு மாற்றாக, கற்பிக்கும் ஒற்றை உறைவிடப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தது. அந்தச் சிந்தனையில் 1921-இல் எழுந்ததே டாக்காப் பல்கலைக்கழகம். பண்ணைப்பாலம் அவர்கள் சொன்ன பேராதனைக்கு அது ஒருவகையில் மூத்த அண்ணன். பிறகு 1947 வந்தது. கிழக்கு வங்கத்தில் இருந்த கல்லூரிகள் அதுவரை கல்கத்தாவோடு இணைந்திருந்தவை. ஒரே நாளில் அந்தத் தாய்ப்பல்கலைக்கழகம் அந்நிய நாட்டில் போய்விட்டது. வேறு போக்கிடம் இல்லாமல் அவை டாக்காவின் தலையில் விழுந்தன. இணைவு முறையை ஒழிப்பதற்கென்றே பிறந்த பல்கலைக்கழகம், பிறந்த இருபத்தாறாவது ஆண்டில் இணைவு தரும் பல்கலைக்கழகமாயிற்று.

இதைப் படிக்கும் தமிழக நண்பர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வர வேண்டும். 1929-இல் சிதம்பரத்தில் ஒற்றை உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது அது. 2013-இல் அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. விழுப்புரத்தில் தொடங்கவிருந்த புதிய பல்கலைக்கழகம் 2021-இல் கைவிடப்பட்டபோது, அதற்கென ஒதுக்கப்பட்ட கல்லூரிகள் அண்ணாமலையின் கீழ் வந்தன. டாக்காவில் தேசப் பிரிவினை செய்ததை இங்கே ஒரு சட்டத் திருத்தம் செய்தது. கல்லூரிகள் எங்காவது ஓர் இடத்தில் இணைந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை, எந்தப் பல்கலைக்கழகமும் ஒற்றையாக நிம்மதியாக இருக்க முடியாது.

வங்கதேசத்தார் இதற்குக் கண்ட தீர்வு, 1992-இல் காசிப்பூரில் தேசியப் பல்கலைக்கழகம். டாக்கா, ராஜ்ஷாஹி, சிட்டகாங் ஆகிய பல்கலைக்கழகங்களிலிருந்து கல்லூரிகளை எல்லாம் பிரித்தெடுத்து, இணைவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் வைத்தார்கள். பழைய பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய நிம்மதி. அவை மறுபடி கற்பிக்கும் பல்கலைக்கழகங்களாயின. ஆனால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளும், நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் பெரும்பகுதியும், ஒரே தேர்வு அலுவலகத்தின் வாசலில் நின்றார்கள். நான்காண்டுப் பட்டத்துக்கு ஆறு, ஏழு ஆண்டுகள் ஆன காலம் இருந்தது. ‘செஷன் ஜாம்’ என்று அங்கே பேருந்தில் போகிறவர்கள்கூடச் சொல்வார்கள். அரசுப் பணித் தேர்வுக்கு வயது வரம்பு இருக்கும் நாட்டில், முடிவு வர ஓராண்டு தாமதமானால் ஒரு வாய்ப்பு போய்விடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதன் உச்சம், தலைநகரின் ஏழு அரசுக் கல்லூரிகளின் கதை. 1841-இல் தொடங்கிய டாக்கா கல்லூரி, ஈடன் மகளிர் கல்லூரி, திதுமீர் கல்லூரி முதலியவற்றைத் தரம் உயரும் என்று சொல்லி 2017 பிப்ரவரியில் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்து டாக்காப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். பட்டத்தில் டாக்காவின் பெயர் வரும் என்பது மாணவர்களுக்குப் பெரிய கௌரவம். ஆனால் டாக்காவின் தேர்வுப் பிரிவில் அதற்கு ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை. சில மாதங்களில் தேர்வு அட்டவணை கேட்டு மாணவர்கள் சாலைக்கு வந்தார்கள். 2017 ஜூலையில் ஷாபாக் பகுதியில் காவல்துறை சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டுத் திதுமீர் கல்லூரி மாணவர் ஒருவர் கண்பார்வையை இழந்தார். ஒரு தேர்வுத் தேதிக்காக. மறுபுறம், டாக்காவின் சொந்த மாணவர்கள் ‘எங்கள் பட்டத்தின் மதிப்பைக் குறைக்கிறீர்கள்’ என்று எதிர்த்துப் போராடினார்கள். 2025 ஜனவரியில் இரு தரப்பு மாணவர்களும் மோதிக்கொண்ட பிறகு அந்த இணைவு முறிந்தது. ஏழு கல்லூரிகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது.

நேபாளத்தையும் பாகிஸ்தானையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காத்மாண்டுவின் திரிசந்திரா கல்லூரி ஒரு காலத்தில் கல்கத்தாவோடும் பின்னர் பாட்னாவோடும் இணைந்திருந்தது. 1959-இல் திரிபுவன் பல்கலைக்கழகம் வந்தது. 1971-இன் தேசியக் கல்வித் திட்டம் நாட்டின் கல்லூரிகளை எல்லாம் அதன் அங்கங்களாகவே ஆக்கியது. அரசால் அந்தச் செலவைத் தாங்க முடியாமல் சில ஆண்டுகளில் தனியார் கல்லூரிகளுக்கு மீண்டும் கதவு திறந்தது; இன்று அதன் கீழ் இணைவு பெற்ற கல்லூரிகள் ஆயிரத்துக்கு மேல். பாகிஸ்தானில் 2002-இல் வந்த உயர்கல்வி ஆணையம் வேறு பக்கமாகப் போனது: பழைய இரண்டாண்டுப் பி.ஏ., பி.எஸ்ஸி. பட்டங்களை ஒதுக்கிவிட்டு நான்காண்டுப் படிப்பைக் கொண்டுவந்தது. கல்லூரிகளை என்ன செய்வது என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. அதே கல்லூரிகளே நான்காண்டுப் படிப்பையும் நடத்த வேண்டியதாயிற்று.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் தெரிந்துகொண்டேன், கலக்கமும் கூடிற்று. இலங்கையில் இடம் போதவில்லை, வங்கதேசத்தில் ஒழுங்கு போதவில்லை என்று புரிந்துகொள்கிறேன். எங்களுக்கு இடம் இருக்கிறது. 2021-22 கணக்கில் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47, இந்திய அளவில் அது 28-ஐ ஒட்டியே இருந்தது. இந்த உயரத்துக்கு நாங்கள் வந்ததில் பாதிக்கு மேல் இணைவு பெற்ற கல்லூரிகளின் பங்காகத்தான் இருக்கும்.

எங்கள் கல்லூரியில் நிரந்தர ஆசிரியர்கள் அரசு உதவி பெறும் பிரிவில் மட்டுமே. சுயநிதிப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. நிர்வாகம் விண்ணப்பிப்பதை ஆசிரியர்களால் தடுக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்துக்கு முன் எழுத்து மூலமாக எதைக் கேட்டுப் பெறலாம்? குறிப்பாகப் பண்ணைப்பாலம் ஐயாவிடம்: ஆசிரியரே பரீட்சிக்கும் முறையில் ஆசிரியரின் அதிகாரம் எல்லை மீறாமல் தடுத்தது எது?

பண்ணைப்பாலம்:

எல்லா நேரமும் தடுக்கப்படவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிறிய திணைக்களத்தில் ஒரு பேராசிரியரோடு முரண்பட்ட மாணவனுக்கு விசேட (ஹானர்ஸ்) பட்டக் கற்கைக்கான வாய்ப்பே கைநழுவிப்போன சந்தர்ப்பங்கள் உண்டு. வேலைநிறுத்தம் வந்தால் முடிவுகளும் நிற்கும். எங்கள் மாணவர்களும் நான்காண்டுப் பட்டத்துக்கு ஐந்து, ஆறு ஆண்டு காத்திருந்திருக்கிறார்கள். சிற்றாறு அவர்கள் எழுதியதைப் படித்து நாங்கள் பெருமைப்பட இடமில்லை.

ஆனால் பொதுவாக முறை பிழைக்காமல் நின்றதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். ஒன்று, விரிவுரையாளரின் பதவி பாதுகாப்பானது. தகுதிகாண் காலம் முடிந்து உறுதிப்படுத்தப்பட்டவரை, மாணவரைச் சித்தியடையச் செய்யவில்லை என்பதற்காக ஒருவரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டுத்தாள் அவர்கள் கணக்கெடுக்கச் சொன்னதும் இதைத்தான். மற்றது, இரண்டாம் பரீட்சகர். அவர் பெயருக்கு அழைக்கப்படுபவர் அல்லர். தாளைத் தாளாகத் திருத்தித் தன் புள்ளியைத் தனிப் படிவத்தில் எழுதுபவர். முதலாமவரின் புள்ளியைப் பார்க்காமல் எழுத வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அது தளர்ந்தும் இருக்கிறது, ஆனால் விதி என்று ஒன்று எழுதப்பட்டிருந்தபடியால் தளர்ந்ததைச் சுட்டிக்காட்ட மூதவையில் ஒருவர் எழும்ப முடிந்தது.

ஆகவே உங்கள் நிலையில் நான் மூன்றைக் கேட்பேன். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் நிரந்தர ஆசிரியர்களில் ஒருவராகவும், குறித்த காலம் முடியுமுன் நிர்வாகத்தால் மாற்றப்பட முடியாதவராகவும் இருக்க வேண்டும். இறுதியாண்டுத் தாள்களையாவது வேறு மாவட்டத்திலிருந்து வரும் இரண்டாம் பரீட்சகர் முழுமையாகத் திருத்த வேண்டும். அவருக்கான கொடுப்பனவைத் தேர்வுக் கட்டணத்திலிருந்து தனிக் கணக்காக ஒதுக்க வேண்டும், இல்லையேல் இரண்டாம் ஆண்டே ‘நிதி இல்லை’ என்பார்கள். சுயநிதிப் பிரிவு ஆசிரியர் ஒருவர் மதிப்பெண் காரணமாக விலக்கப்பட்டதாக முறையிட்டால் அதை விசாரிக்கும் குழுவில் பல்கலைக்கழகப் பிரதிநிதி இருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். அது உங்கள் கைக்கு வந்த முதல் பருவத்திலேயே உப்புப் பகுப்பாய்வை எடுத்துவிடுவீர்கள்.

கட்டுத்தாள்:

மேலே சொன்ன மூன்றோடு ஒன்று. சுயநிதிப் பிரிவினரை முதலாண்டிலிருந்தே கல்விக்குழுவில் உறுப்பினராக்கக் கேளுங்கள். துறைத்தலைவர்கள் அனைவரும் அக்குழுவில் உறுப்பினர்கள். சுயநிதித் துறைக்கு உதவி பெறும் பிரிவின் ஆசிரியரையே தலைவராகக் காட்டி அவர்களை வெளியே நிறுத்துவது பல கல்லூரிகளில் நடக்கிறது. தேர்வு விதிமுறைகள் நிறைவேறுவது அந்தக் குழுவில்தான். அவற்றின் கீழ் அதிகத் தாள்களைத் திருத்தப்போவது வெளியே நிற்பவர்கள்.